வெப்பம் தண்ணீரைத் தொடட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் ரேடியோ கண்ட்ரோல் படகு முக்கால் மீட்டர் மோனோ ஹல், 4எஸ் லைப்போ பேட்டரி, 120 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கொண்டது. ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஈ.எஸ்.சி. சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதாக ஒரு தண்ணீர் வாய், இன்னும் பெரிய டியூப், முடிந்தால் ஒரு குட்டிப் பம்ப் என்று மருந்தையும் நீயே தீர்மானித்துவிட்டாய். காசைச் செலவழிக்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்.

ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், 70 வாட் வெப்பத்தை அந்தத் தண்ணீர் 1 டிகிரி மட்டுமே சூடாகி அள்ளிக்கொண்டு போய்விடும். உன் ஈ.எஸ்.சி. எவ்வளவு வெப்பம் கக்குகிறது? முழு வேகத்தில் ஒரு சமயத்தில் மின்னோட்டம் அதிலுள்ள இரண்டு மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) வரிசைகளைக் கடக்கிறது. வரிசைக்கு 1 மில்லிஓம் என்று வைத்தால் 100 ஆம்பியரில் 20 வாட். மற்ற இழப்புகளையும் சேர்த்துத் தாராளமாக 40 வாட் என்று கொள். ஹல்லின் பக்கவாட்டில் பீறிடும் தண்ணீர், உள்ளே போன தண்ணீரைவிட அரை டிகிரிக்குச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், தண்ணீர் முதலில் மோட்டாருக்கா ஈ.எஸ்.சி.க்கா என்று குளக்கரையில் நடக்கும் சண்டைக்கும் பெரிய அர்த்தமில்லை என்று புரிந்துவிடும்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மாஸ்ஃபெட்டில் பிறந்த வெப்பம் தண்ணீரிடம் போய்ச் சேரத்தான் வழியில்லை.

பழுதான ஈ.எஸ்.சி. கிடைத்தால் அதன் ஹீட் ஷ்ரிங்க்கை உரித்துப் பார். மாஸ்ஃபெட்டுகள் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்காது. சாலிடர் ஓரிடத்தில் தடித்திருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். மேலே வைத்த, தண்ணீர் ஓடும் அலுமினியத் தகடு உயரமான இரண்டு மூன்றைத் தொட்டுக்கொண்டு மற்றவற்றின் மேல் சும்மா நிற்கும். அந்த இடைவெளி ஒரு காகிதக் கனம்தான் இருக்கும், 0.1 மில்லிமீட்டர். 30க்கு 40 மில்லிமீட்டர் பரப்பு முழுவதும் அந்தக் கனத்துக்குக் காற்று நின்றால், 40 வாட் அதைக் கடக்க 120 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வித்தியாசம் தேவைப்படும். தகடு ஐஸ் போல இருக்கும், மாஸ்ஃபெட் வெந்துகொண்டிருக்கும். அதே இடத்தில் தரமான தெர்மல் பேட் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு இருந்தாலும் வித்தியாசம் 11, 12 டிகிரிதான். அரை மில்லிமீட்டர் பேட் என்றால் அதில் பாதி. அதற்காக எபாக்சியை ஊற்றி நிரப்பிவிடாதே. சாதாரண எபாக்சி காற்றைவிடத் தேவலாம், ஆனால் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெப்பம் கடத்தும்.

எனவே முதல் வேலை தகட்டை மட்டம் தேய்ப்பது. கண்ணாடிப் பலகை மேல் எமரித் தாளை விரித்து, தண்ணீர் தொட்டுத் தேய். அழுத்தினால் அமுங்கும் மிருதுவான பேட்டை, எல்லா மாஸ்ஃபெட்டையும் தொடும் அளவுக்கு மட்டுமே கனமாகத் தேர்ந்தெடு. பிறகு திருகாலோ கிளிப்பாலோ தகட்டை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். வெறும் ஹீட் ஷ்ரிங்க்கின் இறுக்கத்தை நம்பாதே. சூட்டில் அது தளர்ந்துபோகும். பேட் மின்சாரம் கடத்தாததாக இருக்கட்டும். ஒவ்வொரு மாஸ்ஃபெட் வரிசையின் உலோகப் பகுதியும் ஒவ்வொரு மின்னழுத்தத்தில் இருக்கிறது. தகடு இரண்டை ஒரே நேரத்தில் தொட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த ஒரு புள்ளியில் பாயும். 4எஸ் லைப்போ அப்படிப் பாயும்போது பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னொன்று. மாஸ்ஃபெட்டின் முதுகு பெரும்பாலும் பிளாஸ்டிக். வெப்பம் அதிகமாக இறங்குவது அடிப்பக்க உலோகம் வழியாகச் சர்க்யூட் பலகைக்குத்தான். பலகையின் மறுபக்கத்திலும் இடமிருந்தால் அங்கேயும் ஒரு தகடு வை. மேல் தகட்டை மட்டும் எவ்வளவு மெருகேற்றினாலும் கிடைக்காத பலன் இதில் கிடைக்கும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஈ.எஸ்.சி.யில் நடுவில் மாட்டிக்கொண்ட மாஸ்ஃபெட்டுகளை எந்தத் தகடும் எட்டாது. அதைத் திருத்த மெனக்கெடாதே, விற்றுவிடு.

குறை தொடர்பிலா தண்ணீரிலா என்று கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் அள. மெல்லிய தெர்மோகப்பிள் ஒன்றை மாஸ்ஃபெட் ஓரத்தில் செருகு, இன்னொன்றைத் தகட்டில் ஒட்டு. மாஸ்ஃபெட் கொதித்துத் தகடு குளிர்ந்திருந்தால் தொடர்பு சரியில்லை. இரண்டும் கொதித்தால் தண்ணீர் வரவில்லை. இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வைத்துப் பளபளக்கும் அலுமினியத்தைச் சுட்டால் அது பொய்தான் சொல்லும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்.

தண்ணீரையும் கரையிலேயே சோதிக்கலாம். படகு நொடிக்கு 10 மீட்டரில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும்போது தண்ணீர் வாயில் விழும் அழுத்தம் அதிகபட்சம் 5 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. ஒரு வாளியை 1 மீட்டர் உயரத்தில் வைத்து, டியூப்பைத் தண்ணீர் வாயில் மாட்டி, மறுபக்கம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார். அது ஏறக்குறைய மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம். அரை லிட்டர் வந்தால் போதும். சொட்டினால் பம்ப் வாங்காதே. மடங்கிய டியூப், குறுகிய நிப்பிள், உள்ளே சிக்கிய பாசி என்று ஒவ்வொன்றாகத் தேடு. மோட்டார் ஜாக்கெட்டும் ஈ.எஸ்.சி.யும் ஒரே வரிசையில் இருப்பதால் ஓட்டம் குறைந்தால், அப்போது இரண்டாவது வாய் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஈ.எஸ்.சி. அதிகம் சூடாவது முழு வேகத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படகு தண்ணீரை உழுதுகொண்டு, மூக்கைத் தூக்கி, மேலெழும்பித் தத்தத் தயாராகும் அந்தக் கட்டத்தைக் கவனி. விசை (த்ராட்டில்) பாதியில் இருக்கும், இழுவை உச்சத்தில் இருக்கும். பாதி விசையில் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் போனால் மோட்டாரில் சுற்றுவது கிட்டத்தட்ட 80 ஆம்பியர். பேட்டரிப் பக்கம் மீட்டர் வைத்தவருக்கு இது தெரியவே தெரியாது. மாஸ்ஃபெட் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைந்து எரிகிறது. அணையும் இடைவேளையில் மின்னோட்டம் டையோடு வழியாகப் போகிற பழைய ரக ஈ.எஸ்.சி. என்றால், 80 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வீதம் 56 வாட், அதுவும் பாதி நேரம்தான் என்பதால் சராசரியாக 28 வாட் அங்கேயே எரியும். படகு மெதுவாகப் போவதால் தண்ணீரின் அழுத்தமும் இல்லை. மாஸ்ஃபெட் சூடேறச் சூடேற அதன் தடையும் ஏறும்: 125 டிகிரியில் 25 டிகிரியில் இருந்ததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அது மேலும் சூட்டைக் கூட்டும். ஆகவே அந்தக் கட்டத்தில் தயங்காதே. விசையை ஏற்றிப் படகைத் தத்தவிடு, பிறகு குறை. பாதி விசையில் கரையோரம் வேடிக்கை காட்டுவதை விட்டுவிடு.

ப்ரொபெல்லரையும் பார். நீ போட்டிருக்கும் ஆக்டுரா எக்ஸ்442 என்பது 42 மில்லிமீட்டர் விட்டம். அதே சுழற்சியில் ப்ரொபெல்லர் கேட்கும் திருப்புவிசை விட்டத்தின் ஐந்தாம் மடியைப் பொறுத்தது. எக்ஸ்440 போட்டால் மின்னோட்டம் ஏறக்குறைய 22 சதவீதம் குறையும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் மாஸ்ஃபெட்டின் கடத்தல் வெப்பம் 38, 39 சதவீதம் இறங்கிவிடும். எந்தத் தண்ணீர் ஜாக்கெட்டும் இந்த விலைக்கு இவ்வளவு செய்யாது. வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

கெபாசிட்டரைத் தண்ணீர் தொடுவதே இல்லை, அதனால் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 10 டிகிரி கூடினால் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும். பேட்டரி வயர் நீளமானால் கெபாசிட்டர் மேல் ஏறும் சுமையும் கூடும். கூடுதல் 10 சென்டிமீட்டருக்கு 220 மைக்ரோஃபாரட் சேர்க்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கைக்கணக்கு. அதைவிட வயரைக் குட்டையாக வைப்பது மேல். நீட்டியே ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்க வயரை நீட்டு.

கடல் நீரிலோ உப்பங்கழியிலோ ஓட்டினால் அலுமினியத் தகட்டோடு செம்புக் குழாயைச் சேர்க்காதே, அரித்துவிடும். எதுவானாலும் வீடு திரும்பியதும் குழாய்க்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசு.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று எண் வேண்டும்: மாஸ்ஃபெட்டின் சூடு, தகட்டின் சூடு, வாளிச் சோதனையில் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர். அந்த மூன்றும் வரும் வரை பம்ப் வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்