பிட்காயினும் பேருந்துக் கட்டணமும்

பிரம்மதேசத்துப் பாடலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள. யாவரும் காணத்தக்கதும், எவரும் எளிதில் திருத்தவொண்ணாததுமான பேரேடு அது. 2009-ல் தோன்றிய பிட்காயினின் கணக்கும் அத்தன்மையதே. கல்லுக்கு ஈடாக, உலகெங்கும் பரந்த கணினிகள் அதனைத் தாங்குகின்றன.

இந்நாணயத்தாற் பேருந்துக் கட்டணம் செலுத்தும் செயலியை ஹாக்கத்தானில் ஓரிரவில் இயற்ற விழையும் மாணவர், முதற்கண் நடத்துநரை நினைத்தல் வேண்டும். அப்பேரேட்டில் புதிய ஏடொன்று சேரச் சராசரி 10 நிமிடம் செல்லும். திண்டிவனம் செல்லும் பேருந்து அதுவரை காத்து நிற்குமோ? ‘லைட்னிங்’ என்னும் துணையமைப்பு இத்தாமதத்தை நொடிகளாக்கும் என்பது மெய்யே. வரித்தொல்லையை அது தீர்க்காது. 2022 ஏப்ரல் முதல் நம் நாட்டில் இத்தகைய நாணயத்தைக் கைமாற்றிப் பெறும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியுண்டு. பத்து ரூபாய்ச் சீட்டுக்குக் கொடுப்பினும் கைமாற்றமே. பயணி தாம் வாங்கிய விலையைக் குறித்துவைத்தல் வேண்டும். செயலியே அதனை விற்று ரூபாயாக்கி நடத்துநரிடம் சேர்ப்பிக்கலாமே எனின், அவ்விற்பனையும் அவ்வரிக்குட்பட்டதே.