தாகசாந்தியும் உடற்கலங்களும்

ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேரின் பின்னே விரதத்துடன் நடந்துவரும் அடியார்களுக்கு வழிநெடுகத் தாகசாந்தி செய்வது பெரும் தொண்டாகும். அங்கு வழங்கும் மோரில் ஏன் உப்பிடுகிறோம் என்பதைச் சிறிது நோக்குவோம்.

நமது உடற்கலம் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. உப்புச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் அச்சவ்வினூடே செல்லும். இதனைப் பிரசாரணம் என்பர். செங்குருதிக் கலத்தை வெறும் நீரில் இட்டால் ஊதி வெடிக்கும். கடும் உப்புநீரில் இட்டால் சுருங்கும். வைத்தியசாலையில் ஏற்றும் சாதாரண சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதனாலேயே. தாவரக் கலத்துக்கு உறுதியான கலச்சுவர் உண்டு, அது வெடிக்காது. வாடிய துளசி நீரூற்றியதும் நிமிர்வது கலங்கள் நீரால் விறைப்பதனால்.

வியர்வையோடு உப்பும் போய்விடுகிறது. நெடுநேரம் வியர்த்தவர் வெறும் தண்ணீரையே அளவுகடந்து குடித்தால் குருதியில் உப்புக் குறைந்து மூளைக் கலங்கள் வீங்கும். தலையிடி, வாந்தி, வலிப்புக்கூட வரலாம். (இதைக் கேட்டுத் தண்ணீரையே தவிர்த்துவிட வேண்டாம்!) உப்பிட்ட மோர் இழந்த உப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியும் இவ்வகையே. அதிலுள்ள குளுக்கோசு குடல் உப்பை உறிஞ்ச உதவ, நீர் பின்தொடரும். விரைவில் சுகமாகட்டும் என்ற அன்பினால் முழுப் பைக்கற்றையும் ஒரு கோப்பை நீரில் கரைத்துக் கொடுப்பவர் உளர். அது உடலின் நீரையே குடலுக்கு இழுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் இக்கரைசலின் உப்பை லீற்றருக்கு 3.5 கிராமிலிருந்து 2.6 கிராமாகக் குறைத்தது. பைக்கற்றில் குறித்த அளவு நீரிலேயே கரைக்கவும்.

இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ள அடியார்களுக்காக உப்பிடாத மோரையும் ஒரு குடத்தில் தனியே வைத்தல் நன்று.