வாளின் ஊரும் பேரும்

நுழையும்முன்

பழைய வாள், கத்தி, தடி ஆகியவற்றைப் பார்த்து, அவை எவ்வூருக்கு உரியவை, எப்பெயரால் வழங்கின, எதற்குப் பயன்பட்டன என்று கண்டறிவது ஒரு தனிக் கலை. மும்பையில் வாழும் தமிழ் மாணவருக்கு அக்கலையைப் பயில அருங்காட்சியகமும் உண்டு. வீட்டுப் பரணும் உண்டு.

பாடம்

மும்பையின் காலா கோடாப் பகுதியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1905ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று 1922ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பெற்ற அதனை, முதியோர் பலர் இன்றும் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம்’ என்றே கூறுவர். மாட்டுங்கா, சயான், செம்பூர் நிலையங்களிலிருந்து மின்தொடர்வண்டியில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் வந்து, அங்கிருந்து நடந்தே அதனை அடையலாம். அதன் படைக்கலக் கூடத்தில் அக்பருடையதாகக் கருதப்படும், 1581ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற மார்புக் கவசம் உள்ளது. பார்வையாளர் பலர் அதன்முன் நின்றுவிட்டு மற்றவற்றைக் கடந்து செல்வர். ஆயினும், கற்க விரும்புவோருக்கு அருகில் உள்ள எளிய வாள்களே மிகுதியாகக் கற்பிக்கும்.

முதலில் வாளின் உறுப்புகளை அறிதல் வேண்டும். கை பற்றும் பகுதி பிடி. பிடியின் உச்சியில் இருப்பது குமிழ். எதிரியின் வாள் விரல்களில் படாமல் தடுப்பது கைக்காப்பு. வெட்டும் இரும்புப் பகுதி அலகு; அலகின் கூரிய ஓரம் வாய், மழுங்கிய ஓரம் முதுகு. வட இந்தியத் தல்வாரின் குமிழ் சிறு தட்டுப் போல வட்டமாகவும், அலகு வளைந்தும் இருக்கும். மராத்தியர் பயன்படுத்திய ‘ஃபிரங்கி’ வாளின் அலகோ நேரானது. ஃபிரங்கி என்னும் சொல்லைத் தமிழர் நன்கறிவர். சென்னையில் உள்ள பறங்கிமலையின் ‘பறங்கி’யும் அதுவும் ஒன்றே. ஐரோப்பியர் என்பது அதன் பொருள். அவ்வலகுகள் ஐரோப்பாவில் அடிக்கப்பெற்றுக் கப்பலில் வந்தவை. பிடி இந்நாட்டுக் கொல்லர் பொருத்தியது. அலகில் ஐரோப்பிய முத்திரை இருப்பதனால் மட்டும் ஒரு வாளை ஐரோப்பிய வாள் என்று கொள்ளுதல் கூடாது. அலகுக்கு ஓர் ஊரும் பிடிக்கு வேறோர் ஊரும் இருக்கலாம். அன்றியும், புகழ்பெற்ற அம்முத்திரைகளை இந்நாட்டுக் கொல்லரும் பார்த்துப் பொறித்ததுண்டு.

கட்டாரி இன்னும் விந்தையானது. மற்றக் குத்துவாள்களின் பிடி அலகுக்கு நேர்க்கோட்டில் இருக்கும். கட்டாரியிலோ இரு பக்கக் கம்பிகளுக்கு இடையே ஏணிப்படி போலக் குறுக்குக் கம்பிகள் அமைந்திருக்கும். அவற்றைப் பற்றிக் கையை மூடினால், அலகு முட்டியிலிருந்து முன்னோக்கி நீளும். தென்னாட்டுப் பழங்கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மறைக்கும் வளைந்த தகடு ஒன்று இருக்கும். பிற்கால வடநாட்டுக் கட்டாரிகளில் அத்தகடு பெரும்பாலும் இராது. தென்னாட்டுக் கட்டாரியின் அலகும் பலவேளை ஐரோப்பிய வாளின் துண்டே. அதனைத் தறையாணி கொண்டு பிடியோடு பிணைத்திருப்பர்.

இத்தகைய கட்டாரிகள் மிகுதியாக இருந்த இடம் தஞ்சாவூர் அரண்மனை. நாயக்க மன்னருக்குப் பின், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி அங்கு மராத்திய ஆட்சியை நிறுவினார். தமிழ்க் கொல்லரின் கைவண்ணமும், மராத்தியப் போர்முறையும், ஐரோப்பிய அலகும் ஒரே கொட்டிலில் சேர்ந்தன. பிடிகளில் யாழியும் மகரமும் கிளியும் இரும்பிலேயே செதுக்கப்பெற்றன. 1855ஆம் ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. 1860களில் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. சில படைக்கலங்கள் சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது.

இச்செய்தியை வருத்தத்தோடு பதிவு செய்தவர் வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அலுவலர். அவருடைய குறிப்பு 1878ஆம் ஆண்டு ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளிவந்தது. அவ்விதழ் அக்காலத்தில் அச்சானது மும்பையில்தான். உருக்கப்பட்ட வாள்களோடு அவற்றின் செய்தியும் அழிந்தது. எந்தக் கட்டாரி எந்தத் தலைவனுடையது, எந்தக் கொல்லன் எந்த யாழியைச் செதுக்கினான் என்பனவற்றை இனிக் கேட்டறிய வழியில்லை. எஞ்சியவற்றைக் கொண்டே, 21ஆம் நூற்றாண்டில் இராபர்ட் எல்குட் என்னும் ஆய்வாளர் தென்னிந்தியப் படைக்கலங்கள் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். தேர்ந்தெடுக்கப்பட்ட சில பொருள்களும் அன்று விற்கப்பட்டிருப்பின், அந்நூல் எழுத இயன்றிராது.

தஞ்சைக் கொட்டிலிலிருந்து சென்னைக்குச் சென்றவற்றுள் யானைத் தந்தத்தால் செய்த வளரிகளும் இருந்தன. வளரி என்பது பிறை போல வளைந்த எறிபடை. அதனை வளைதடி என்றும் வழங்குவர். வயிரம் பாய்ந்த மரத்திலும், சிலவேளை இரும்பிலும் அதனைச் செய்தனர். ஒருமுனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பற்றி, தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி வீசுவர். முயல், காட்டுக்கோழி வேட்டைக்கும் அது பயன்பட்டது, போருக்கும் பயன்பட்டது. ஆஸ்திரேலியாவின் பூமராங்குடன் உருவில் ஒத்திருப்பதனால், அயல்நாட்டு அருங்காட்சியகங்கள் சிலவற்றில் வளரிக்கும் பூமராங் என்றே பெயர் எழுதினர். பூமராங் என்றவுடன், எறிந்தவரிடமே திரும்பி வரும் கருவி பலர் நினைவுக்கு வரும். கனமான வளரியோ அவ்வாறு திரும்புவதன்று. ஆங்கிலேயப் படையினர் அதற்கு ‘கொல்லரி ஸ்டிக்’ என்று பெயரிட்டனர். இதற்கும் கொல்லருக்கும் தொடர்பில்லை. கள்ளர் என்னும் பெயரை அவர்கள் ஒலித்த முறை அது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1795ஆம் ஆண்டளவில் மதுரைப் பகுதியில் இளைஞராகப் பணியாற்றினார். சிவகங்கையின் சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்ததாக, 1830ஆம் ஆண்டு வெளிவந்த தம் நினைவுநூலில் அவர் எழுதியுள்ளார். அதே வெல்ஷ், 1801ஆம் ஆண்டுப் போரில் மருதிருவருக்கு எதிரான படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையங்களில் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலைத் தடை செய்து அறிக்கை வெளியிட்டார். வீசுவோர் கை ஓய்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், புதுக்கோட்டைத் திவான் தந்த விளக்கம் ஒன்று உள்ளது. வளரி வீசுவதில் தேர்ந்தவர் இப்போது எவரும் இலர் என்றும், சில வீடுகளில் அது பூசையறையில் வைக்கப்பட்டு, ஆயுத பூசையன்று மட்டும் வெளியே எடுத்துத் துடைக்கப்படுகிறது என்றும் அவர் தெரிவித்தார். அதன் பெயரும் வரலாறும் அவ்வீடுகளில் மறக்கப்படாமைக்கு அப்பூசையே காரணம் எனலாம்.

உரியவர் வீட்டில் நிலைத்த பொருளுக்கும், பல கை மாறிய பொருளுக்கும் சான்றில் வேறுபாடு உண்டு. மராட்டிய மாநிலம் நன்கறிந்த ‘வாக்நக்’ என்னும் புலிநகப் படையை எடுத்துக்கொள்ளலாம். சாத்தாராவில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் கிரான்ட் டஃப் வழியாக இங்கிலாந்து சென்ற வாக்நக் ஒன்று, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு உரியது. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அது கடனாகப் பெறப்பட்டுச் சாத்தாராவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 1659ஆம் ஆண்டு அப்சல்கானை எதிர்கொண்டபோது சிவாஜி அணிந்தது அதுவே என்று அதன் பெட்டியில் எழுதப்பட்டுள்ளது. ஆயினும், அதனை உறுதிப்படுத்த இயலாது என்று அந்த அருங்காட்சியகமே குறிப்பிட்டுள்ளது. பெட்டியின் எழுத்து பிற்காலத்தது, படைக்கலமோ பேசுவதில்லை. தன்னிடம் உள்ள பொருளைப் பற்றி இவ்வாறு எழுதி வைக்கத் துணிவும் வேண்டும்.

இனி வீட்டுப் பரணுக்கு வரலாம். தாராவித் தமிழ்க் குடும்பங்களுள் பல திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. அரிவாள் என்னும் ஒரு சொல்லுக்குள் அச்சீமையில் எத்தனையோ கருவிகள் அடங்கும். கதிர் அறுப்பது ஒன்று. விறகு வெட்டுவது ஒன்று. நீண்ட வீச்சரிவாள் ஒன்று. பனையேறுவோர் பாளை சீவும் அரிவாள் இவற்றினின்றும் வேறானது. மெல்லிய சீவலாகப் பாளையை அரிய வேண்டியிருப்பதனால், அதன் வாய் மிகக் கூர்மையாக இருக்கும். மரத்தில் ஏறும்போது அதனை இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் வைத்திருப்பர். பெட்டியின்றி அரிவாள் மட்டும் கிடைத்தால், அதன் தொழில் பாதி மறைந்துவிடும். இரண்டையும் பிரிக்காமல் வைத்தல் நன்று. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். கருப்பசாமி கோயிலில் நேர்த்திக்கடனாக நாட்டப்படும் பேரரிவாள்களோ எதனையும் வெட்டுவதற்கு உரியன அல்ல. ஒருவர் ஏந்த இயலாத அளவே அதனைக் காட்டிவிடும்.

தடிகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. அடிமுனை பருத்த குண்டாந்தடி தாக்குதற்கு உரியது. கர்லாக்கட்டை உடற்பயிற்சிக்கு உரியது. மும்பையின் பழைய பயிற்சிக்கூடங்களில் அதன் உறவான முத்கரைக் காணலாம். ஆங்கிலேயர் இக்கட்டையைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று பயிற்சிக் கருவியாக்கினர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. கர்லாக்கட்டையின் பிடி, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகி இருக்கும். பருத்த பகுதியில் மோதிய வடு இராது. பொருளில் தேய்மானம் எங்கே உள்ளது என்று பார்ப்பது, போலிகளைக் கண்டறியவும் உதவும். கை படாத இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்த பிடியை ஐயுறுதல் வேண்டும். நல்ல உருக்கு அலகில் நீரலை போன்ற வரிகள் இரும்பின் உள்ளிருந்தே தோன்றும். அமிலத்தால் மேற்பரப்பில் வரைந்த போலி வரிகளும் கடைகளில் உண்டு.

பழைய இரும்பைக் கண்டவுடன் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது பெருந்தீங்கு. துருவோடு முத்திரையும் எழுத்தும் போய்விடும். உலர்ந்த துணியால் பெரியோர் துடைத்தால் போதும். உறையிலிருந்து வாளை மாணவர் உருவுதல் கூடாது. பழைய உறை பிளந்து விரலை அறுத்துவிடும். சட்டமும் அறியத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய பொருள்கள் தொல்பொருள்களாகும். உரிமம் பெறாதவர் அவற்றை வணிகம் செய்யவும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. வாள் முதலியவற்றை வைத்திருத்தலை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆதலின், மாணவர் சேகரிக்க வேண்டுவது பொருளை அன்று; பொருளின் செய்தியை. ஆச்சியும் தாத்தாவும் சொல்லும் சொல்லை, அவர்கள் சொன்னவாறே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இலக்கணப்படி அதனைத் திருத்திவிட்டால், ஊர் மறைந்துவிடும்.

மாதிரிக் குறிப்பு

வீட்டில் வழங்கும் பெயர்: பாளையருவா. ஊர்: உடன்குடிப் பக்கம். நீளம், எடை: அளந்து எழுதுக. பிடி: மரம், வலப்பக்கம் மிகுதியாகத் தேய்ந்துள்ளது. பயன்படுத்தியவர்: தாத்தாவின் தந்தை. சொன்னவர்: ஆச்சி. மும்பைக்கு வந்த காலம்: ஆச்சிக்கு நினைவில்லை. செய்த கொல்லர்: தெரியவில்லை.

அருஞ்சொற்பொருள்

படைக்கலம் – ஆயுதம். கொட்டில் – பொருள் வைக்கும் கூடம். யாழி – சிங்க முகமுடைய கற்பனை விலங்கு. வயிரம் – மரத்தின் உறுதியான உட்பகுதி. பாளை – பனை, தென்னையின் பூவை மூடிய மடல்.

பயிற்சி

1. ‘அலகுக்கு ஓர் ஊரும் பிடிக்கு வேறோர் ஊரும் இருக்கலாம்’ – ஃபிரங்கி, கட்டாரி ஆகியவற்றைக் கொண்டு விளக்குக.

2. வளரியைப் பூமராங் என்று எழுதுவதனால் பார்வையாளர் எவ்வாறு தவறாக எண்ணக்கூடும்?

3. மாதிரிக் குறிப்பில் ‘தெரியவில்லை’ என்று எழுதியது சரியா? வாக்நக் பற்றிய பத்தியைப் படித்து, காரணம் கூறுக.

4. பிரித்து எழுதுக: படைக்கலம், எவ்வூர், நேர்க்கோடு, புலிநகம்.

5. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள பழைய கருவி ஒன்றைப் பெரியோர் துணையுடன் பார்த்து, மாதிரிக் குறிப்பைப் போல எழுதி வருக. அரிவாள்மனையும் பாக்குவெட்டியும் ஏற்கத்தக்கவையே.