குடியை விட்டவரின் கோபம்

களுவாஞ்சிக்குடியில் குடியை விட்டு மூன்று மாதமான ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாவியில் பட்ட பாட்டுக்குத் தக்க மீனில்லை. பசியும் களைப்புமாக இருட்டிய பின் படலையைத் திறக்கிறார். "இவ்வளவு நேரமும் எங்க நிண்ட நீங்க? திரும்பவும் தவறணைக்கோ?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. வந்த காலோடு அவர் திரும்பிப் போகிறார். எங்கே போவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஆசை விடவில்லை" என்று அயலார் சொல்வார்கள். ஆனால் அவரை இழுத்துச் சென்றது ஆசையைவிடத் தாங்கமுடியாத அந்த ஆத்திரமே. குடியை விட்டு மீண்டும் விழுந்தவர்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட், கோபம், மனச்சோர்வு போன்ற உணர்ச்சிகளும், பிறரோடு எழும் சச்சரவும், நண்பர்களின் வற்புறுத்தலுமே முக்கிய காரணங்கள் என்று கண்டார். கவலை வந்தபோதெல்லாம் போத்தலை நாடியவருக்கு அதைத் தாங்கும் வேறு வழி பழக்கமில்லை. 2004 ஆழிப்பேரலையிலும் 2009 வரை நீடித்த போரிலும் உறவுகளை இழந்து, வாய்விட்டு அழாத ஆண்கள் நம்மூரில் எத்தனை பேர்!

1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு ஹோட்டல். தொழில் முயற்சி தோற்றுப்போய்த் தனியே நின்ற பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுச்சாலையின் கலகலப்பு அவரை அழைத்தது. அவரோ தொலைபேசியை எடுத்து ஒரு குருவானவரை அழைத்தார். அதன் வழியாக பொப் ஸ்மித் என்ற குடிகார வைத்தியரைச் சந்தித்தார். 'அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் அங்கே பிறந்தது.

அவர் மனைவி லோயிசின் கதை இன்னும் பயனுள்ளது. கணவர் திருந்திய பின்னர் ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறதென்று அவர் அவசரப்படுத்த, சப்பாத்தைத் தூக்கி அவர்மேல் எறிந்தார்! தனக்குள் இத்தனை சினமா என்று அவருக்கே அதிர்ச்சி. குடிப்பவரோடு வாழ்ந்தவருக்கும் சுகம் தேவை என்ற அந்த உணர்வே 1951இல் குடும்பத்தாருக்கான 'அல்-அனான்' அமைப்புக்கு வழிவகுத்தது.

ஆகவே சகோதரியே, கேள்வியைச் சோற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். "ஏமாத்திறீங்க" என்பதைவிட "நான் பயந்துபோனன்" என்று சொல்லிப் பாருங்கள். தகப்பனே, கோபம் ஏறும்போது "கொஞ்சம் நடந்திற்று வாறன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். தவறணை இல்லாத பக்கமாக. ஆனால் அடி விழும் வீட்டில் மனைவியிடம் பொறுமையைப் போதிக்கக் கூடாது. பிரசங்க மேடையில் நாங்களே சில வேளை அந்தத் தவறைச் செய்திருக்கிறோம். அங்கே முதலில் தேவை தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இன்னுமொன்று. நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் மறைத்து வைத்திராமல் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். மனம் விட்டுப் பேச ஆளில்லையென்றால், தேசிய மனநல உதவி இலக்கம் 1926.