செயலி எத்தனை வோல்ட் தாங்கும்? முக்கியக் குறிப்புகள்

(எஸ்.பி.எம். இயற்பியல், கணினி அறிவியல் மாணவர்களுக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கில் கணினிப் பழுதுபார்ப்புப் பயிற்சியில் இருப்போருக்கும்)

● மலேசிய வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 2008 ஜனவரி 1 முதல் பழைய 240க்குப் பதில் இந்த அளவு. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் +10%, −6%, அதாவது 216.2 முதல் 253 வோல்ட் வரை.

● பவர் சப்ளை இதை 12 வோல்ட் நேர் மின்னோட்டமாக்குகிறது. மதர்போர்டில் உள்ள மின்னழுத்தச் சீராக்கி அதை இன்னும் இறக்கி, ஏறக்குறைய 1 வோல்ட் அளவில் செயலிக்குக் கொடுக்கிறது. ஓவர்கிளாக்கிங்கில் (செயலியை நிர்ணயித்த அதிர்வெண்ணுக்கு மேல் ஓட்டுவதில்) நாம் கை வைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில். இங்கே 0.1 வோல்ட் கூட பெரிய மாற்றம்.

● அதிர்வெண்ணைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் ஏன் கூட்டுகிறார்கள்? ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர் நிலைமாறி முடிக்க வேண்டும். துடிப்பு குறுகக் குறுக, விரைந்து மாற அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவை.

● மனப்பாடம் செய்யவேண்டிய தொடர்பு: இயங்குதிறன் ∝ மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் × அதிர்வெண். 1.20 வோல்ட்டை 1.40 ஆக்கினால், அதே வேகத்திலேயே திறன் 36% உயரும். கூடவே 4.0 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்கினால் மொத்த உயர்வு சுமார் 57%. கிடைத்த வேகமோ 15%தான். பகலில் 33 பாகை தொடும் கோலாலம்பூரில், குளிரூட்டி இல்லாத அறையில் இது நட்டக் கணக்கு என்பதே என் கருத்து.

● வெப்பத்தைக் குளிர்விப்பான் வெளியேற்றிவிடும். தேய்மானத்தை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. மின்னோட்ட அடர்த்தி மிகும்போது உள் இணைப்புகளின் உலோக அணுக்கள் மெல்ல இடம்பெயர்கின்றன. டிரான்சிஸ்டரின் மெல்லிய காப்புப் படலமும் மிகை அழுத்தத்தில் பலவீனமாகிறது.

● எல்லை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1993இல் வந்த முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது. 2002இன் நார்த்வுட் வகை பென்டியம் 4க்கு ஏறக்குறைய 1.5 வோல்ட், 1.7ஐத் தாண்டி ஓட்டியவர்களின் செயலிகள் பல முன்னறிகுறி இல்லாமல் இறந்தன. டிரான்சிஸ்டர் சிறுத்தால் காப்புப் படலமும் மெலியும், தாங்கும் அழுத்தமும் குறையும்.

● 2023 ஏப்ரல்: ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில கருகின. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியபோது, சில மதர்போர்டுகள் எஸ்ஓசி (செயலியின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி) மின்னழுத்தத்தையும் தாமாகவே உயர்த்தியிருந்தன. ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு விதித்தது. பயனர் கையால் மின்னழுத்தத்தை ஏற்றாமலே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

● 2024: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் நிலைகுலைந்தன. செயலி தேவைக்கு மேல் மின்னழுத்தம் கோரியது; உயர் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து உள்ளிருந்த கடிகாரச் சுற்றை முதுமையாக்கின. ஆகஸ்டில் பயாஸ் புதுப்பிப்பு வழியே வந்த மைக்ரோகோடு (செயலியின் உள்கட்டளை மென்பொருள்), 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. உத்தரவாதம் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சில்லை அந்த மென்பொருளால் குணப்படுத்த முடியாது.



● குழப்பும் இணை: தரவுத்தாளில் ‘இயக்க வரம்பு’ என்பது செயலி நெடுநாள் ஒழுங்காக ஓடும் அளவு. ‘அறுதி உச்சம்’ என்பது தாண்டினால் நிரந்தரச் சேதம் வரக்கூடிய அளவு. பின்னதைப் பாதுகாப்பான அளவு என்று எழுதினால் விடை தவறு.

● பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாடிக்கையாளர் ஒருவர் 13 அல்லது 14ஆம் தலைமுறை இன்டெல் கணினியைக் கொண்டுவந்தால், மின்னழுத்தத்தைத் தொடும் முன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். லோயாட் பிளாசாவில் பழைய செயலி வாங்குவோரும், முன்பு அது எத்தனை வோல்ட்டில் ஓடியது என்று தயங்காமல் கேளுங்கள்.