வீட்டிலேயே டி-ஷர்ட் பிரிண்டிங் – ஒரு செய்முறைப் பாடம்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



திருவிழாக் கமிட்டி, கபடிக் குழு, ரத்ததான முகாம் என்று எங்கே பார்த்தாலும் எழுத்துப் போட்ட டி-ஷர்ட்தான். அதைக் கடையில் கொடுத்து அடிக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. குறைந்த செலவில் பொருள் வாங்கி வீட்டுத் திண்ணையிலேயே அடிக்கலாம். நானும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் அடித்தோம். முதல் தடவை தோற்றோம், இரண்டாம் தடவை ஜெயித்தோம். எப்படித் தோற்றோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தப் பாடம் முழுமை பெறும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் என்ன?

மார்கழி மாதம் கடையில் விற்கும் கோல அச்சைப் பார்த்திருப்பீர்கள். தகட்டில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மாவு விழும், மற்ற இடத்தில் விழாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அதே தத்துவம்தான். தகட்டுக்குப் பதில் மெல்லிய வலைத்துணி. மாவுக்குப் பதில் மை. வேண்டாத இடத்தை அடைத்துவிட்டு, வேண்டிய இடம் வழியாக மையைக் கீழே தள்ளுகிறோம். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907-ல் பட்டுத்துணித் திரையில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதனால்தான் இன்றும் சிலர் இதை 'சில்க் ஸ்கிரீன்' என்கிறார்கள். நம் வீட்டு ஆணியில் தொங்கும் ஜவுளிக்கடை மஞ்சப்பையில் இருக்கும் எழுத்தும் இப்படி அடித்ததுதான்.

கோல அச்சை விட வலைத்துணிக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் அடிக்க நினைத்த வார்த்தை 'மெக்கானிக்கல்'. அதில் நாலு 'க' இருக்கிறது. ஒவ்வொரு 'க'வுக்குள்ளும் மூடிய இடம் இருக்கிறது. வெறும் அட்டையில் வெட்டினால் அந்த நடுத்துண்டு பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். வலைத்துணியில் அதைத் தனியாக ஒட்டிவிடலாம், இழைகள் தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்துக்கு ஏற்ற முறை இதுவே.

தேவையான பொருட்கள்

1. எம்ப்ராய்டரி வளையம், 12 அங்குலம். இதுதான் நமது சட்டம்.

2. வலைத்துணி. பட்டறைகளில் டி-ஷர்ட்டுக்கு அங்குலத்துக்கு 110 இழை, அதாவது சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள பாலியஸ்டர் மெஷ் பயன்படுத்துவார்கள். நமக்குத் துப்பட்டா தைக்க விற்கும் பாலியஸ்டர் ஆர்கன்ஸா துணி அரை மீட்டர் போதும். பருத்தித் துணி வேண்டாம், ஈரம் பட்டதும் தொளதொளவென்று ஆகிவிடும்.

3. ஸ்டிக்கர் ஷீட். வண்டிக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் மிச்சத் துண்டு கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள்.

4. துணிக்கான அக்ரிலிக் பெயின்ட். போஸ்டர் கலர் கூடாது, தண்ணீரில் கரைந்துவிடும்.

5. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் சின்ன ரப்பர் வைப்பர். பட்டறையில் இதன் அண்ணனை ஸ்குவீஜி என்பார்கள்.

6. பேப்பர் வெட்டும் பிளேடு, பிரவுன் டேப், அட்டை, பழைய செய்தித்தாள், ஒரு பழைய காட்டன் வேட்டித் துண்டு.

சட்டை முழுப் பருத்தியாக இருப்பது நல்லது. புதுச் சட்டை என்றால் ஒரு தடவை துவைத்துக் காயப் போட்ட பிறகே அடிக்க வேண்டும். மில்லில் பூசிய மெழுகு, பசை எல்லாம் போனால்தான் மை இழைக்குள் இறங்கும். முதல் பாடத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறச் சட்டையே சரி. கறுப்புச் சட்டையில் சாதாரணப் பெயின்ட் தெரியாது. அதற்கு ஒளி ஊடுருவாத வெள்ளையை அடியில் அடித்து, அது காய்ந்த பிறகு மேலே நிறம் அடிக்க வேண்டும்.

செய்முறை

திரை: துணியை வளையத்தில் மாட்டி, நாலு பக்கமும் இழுத்துத் திருகை முறுக்கவும். விரலால் தட்டினால் 'டொம்' என்று சத்தம் வர வேண்டும். தொய்வாக இருந்தால் எழுத்தின் ஓரம் வழியும். வளையத்தின் தட்டையான பக்கம் சட்டைமேல் படும்படியும், குழிவான பக்கம் மேலேயும் இருக்கட்டும். மை அந்தக் குழியில்தான் நிற்கும்.

வெட்டுதல்: ஸ்டிக்கரின் பின்பக்கக் காகிதத்தில் எழுத்தை நேராக, நாம் படிக்கிற மாதிரியே வரையவும். நிறம் இருக்கும் முன்பக்கத்தில் வரைந்தால் சட்டையில் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைகீழாக வரும். நாங்கள் முதல் ஷீட்டை இப்படித்தான் வீணாக்கினோம். வெட்டியதும் காகிதத்தை உரித்து, திரையின் அடிப்பக்கம், அதாவது சட்டைமேல் படும் பக்கத்தில் ஒட்டவும். 'க'வின் நடுத்துண்டுகளை மறக்காமல் வைக்கவும். மேலே இருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும். ஸ்டிக்கருக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை பிரவுன் டேப்பால் அடைக்கவும்.

அடித்தல்: சட்டைக்குள் அட்டையை நுழைக்கவும். இல்லாவிட்டால் மை முதுகுப் பக்கமும் இறங்கும். வளையத்துக்கு அடியில் நாலு பக்கமும் சின்ன அட்டைத் துண்டு வைத்து, திரை சட்டையில் இருந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி செய்யவும். ரப்பர் அழுத்தும் இடத்தில் மட்டும் திரை சட்டையைத் தொட்டு உடனே மேலே எழும்பிவிடும். அப்போதுதான் ஓரம் சுத்தமாக வரும்.

பெயின்ட் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்து இளக்காதீர்கள். எழுத்துக்கு மேல்புறம் ஒரு வரிசை பெயின்ட் வைத்து, வைப்பரை 45 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து, ஒரே அழுத்தத்தில் நம் பக்கம் இழுக்கவும். இரண்டு இழுப்புப் போதும். முதல் இரண்டு பிரிண்ட் செய்தித்தாளில் அடித்துப் பார்த்த பிறகு சட்டைக்கு வாருங்கள். ஒருவர் வளையத்தை அழுத்திப் பிடிக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் சட்டை மாற்ற, மூன்று பேர் இருந்தால் வேலை ஓடும்.

முக்கியமான விஷயம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் திரையிலேயே மை காய்ந்து கண்ணை அடைத்துவிடும். சட்டை மாற்றும் நேரத்திலும் லேசாக மையை எழுத்துமேல் தள்ளி ஈரமாகவே வைத்திருங்கள். வேலை முடிந்த உடனே திரையைக் கழுவுங்கள். "டீ குடிச்சுட்டு வரலாம்" என்று போனால் திரை போச்சு!

நாங்கள் தோற்ற கதை

எங்கள் துறைக் கபடி அணிக்கு 12 சட்டை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் வசூலித்து, ஒரு பற்சக்கரப் படமும் 'மெக்கானிக்கல்' என்ற எழுத்தும் அடித்தோம். ராத்திரி கொடியில் காயப் போட்டு, காலையில் தொட்டுப் பார்த்தோம். கையில் ஒட்டவில்லை. பெருமையாக மடித்துக் கொடுத்தோம். முதல் ஆட்டம் முடிந்ததும் சட்டைகள் வீட்டுக்குப் போயின. அம்மாமார்கள் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். மறுநாள் 9 பேர் வகுப்புக்கு வந்து ஒன்றும் பேசாமல் சட்டையை எங்கள் மேசைமேல் வைத்தார்கள். எழுத்து பாதி போயிருந்தது. ஒருவன் வீட்டில் வாளியில் இருந்த மற்றத் துணியிலும் நீலம் ஏறியிருந்ததாம். அடுத்த ஆட்டத்துக்கு 5 நாள்தான் இருந்தது. வசூலித்த பணமும் தீர்ந்துவிட்டது.

என் அப்பா தேய்ப்பு வண்டி வைத்திருக்கிறார். கரிப்பெட்டிதான் அவருக்குத் தொழில். அன்று சாயங்காலம் வண்டியடியில் அந்தச் சட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இது காஞ்சிருக்குது. வேகலையே?"

"காஞ்சா போதாதாப்பா?"

"புதுப் பிரிண்ட் துணி வந்தா பெட்டியில ஒட்டும். ஒட்டுனா இன்னும் பச்சைன்னு அர்த்தம். வெந்த பிரிண்ட் ஒட்டாது."

வீட்டுக்குப் போய்ப் பெயின்ட் புட்டியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இஸ்திரி போடும்படி அச்சிட்டிருந்தது. படிக்கிற நாங்கள் மூன்று பேரும் அதைப் படிக்கவில்லை. பள்ளிக்கூடமே போகாத என் அப்பா கையால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

காய்வது வேறு, வேகுவது வேறு

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. சாயம் என்பது பருத்தி இழையோடு தானே பிணைந்துகொள்ளும். பிக்மெண்ட் என்பது அப்படியல்ல. அது வெறும் நிறத்தூள். அதற்கும் பருத்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை இழையோடு ஒட்ட வைப்பது பெயின்டில் கலந்திருக்கும் பைண்டர் என்ற பசை. காற்றில் காயும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. சூடு ஏறினால்தான் பைண்டர் துளிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, தண்ணீரில் கரையாத மெல்லிய படலமாக மாறுகின்றன. இதைத்தான் பிரிண்டிங் தொழிலில் கியூரிங் என்கிறார்கள். பிக்மெண்ட் பிரிண்டுக்கு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசில் சில நிமிடம் என்பது வழக்கம். தொழிற்சாலையில் சட்டை ஒரு பெல்ட்டில் ஏறி அடுப்புக்குள் போய் வரும். நமக்கு இஸ்திரிப் பெட்டியே அடுப்பு.

செய்யும் விதம்: அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விடவும். பிறகு சட்டையைப் புரட்டி, பிரிண்டின் பின்பக்கமாக, பெட்டியைக் காட்டன் அளவில் வைத்து மெதுவாக நகர்த்தி 3 முதல் 5 நிமிடம் தேய்க்கவும். முன்பக்கம் தேய்ப்பதானால் வேட்டித் துண்டை மேலே போட்டுக்கொள்ள வேண்டும். நீராவி வேண்டாம். ஒரே இடத்தில் பெட்டியை நிறுத்தினால் துணி கருகும். புட்டியில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படியே செய்யவும். அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் கழித்தே துவைக்க வேண்டும்.

அப்பா சொன்னது சரிதானா என்று ஒரு சோதனையும் செய்தோம். ஒரு பழைய பனியனில் எழுத்தை அடித்துக் காய வைத்து, முன்பாதியை மட்டும் தேய்த்தோம், பின்பாதியை அப்படியே விட்டோம். சோப்புப் போட்டு மூன்று தடவை கசக்கினோம். முன்பாதி நின்றது. பின்பாதி வெளுத்துப் போனது. ஒரே துணி, ஒரே பெயின்ட், ஒரே கை. வித்தியாசம் சூடு மட்டும்தான்!

துவைக்காத 3 சட்டையை அப்படியே தேய்த்துக் காப்பாற்றினோம். மற்ற 9 சட்டையில் மங்கிய எழுத்தின் மேல் இம்மியும் பிசகாமல் திரும்ப அடிப்பது முடியாத காரியம். அதனால் முதுகுப் பக்கம் புதிதாக அடித்தோம். அப்பா வண்டியிலேயே எல்லாவற்றையும் தேய்த்துக் கொடுத்தார். ஆட்டத்தன்று அந்தச் சட்டையோடுதான் இறங்கினார்கள். சீசன் முடிந்தும் எழுத்து அப்படியே இருக்கிறது.

எச்சரிக்கை

போட்டோ எமல்ஷன் என்ற முறையில் நுணுக்கமான படங்களையும் அடிக்கலாம். ஒளி பட்ட இடம் கெட்டியாகி, படாத இடம் தண்ணீரில் கழுவிப் போகும். ஆனால் அதற்குச் சில இடங்களில் விற்கும் அம்மோனியம் பைகுரோமேட் தோலையும் நுரையீரலையும் கெடுக்கும் விஷம், புற்றுநோயும் வரவழைக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. வேண்டுமானால் டயஸோ வகை எமல்ஷன் வாங்குங்கள், அதற்கும் கையுறை போடுங்கள்.

மிச்ச மையைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். திரையைக் கழுவும் முன் செய்தித்தாளால் வழித்து எடுத்து, காய வைத்துக் குப்பையில் போடுங்கள். நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நமக்குப் பாடமாக இருக்கட்டும். ஒரு கரண்டி மைதானே என்று ஒவ்வொருவரும் நினைத்தால் ஊர் என்னாவது?

வருமானத்துக்கு வழி உண்டா?

உண்டு. இப்போது ஊருக்கு ஊர் பிலிமில் அச்சிட்டு ஒட்டித் தரும் கடைகள் வந்துவிட்டன. ஒரே ஒரு சட்டை, பல நிறப் படம் என்றால் அங்கே போவதுதான் லாபம். ஆனால் ஒரே நிறத்தில் 20, 30 என்று வந்தால் நம் திரை ஜெயிக்கும். திரை ஒரு தடவை செய்தால் போதும், பிறகு செலவு பெயின்ட் மட்டும்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. கல்யாணத் தாம்பூலப் பையில் பெயர் அடித்துக் கேட்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பை தட்டையானது, சட்டையை விட அடிப்பது சுலபம்.

ஆனால் கணக்குப் போடும்போது கெட்டுப் போகும் இரண்டு துணியின் விலையையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் அடித்து, தேய்த்து, மூன்று தடவை துவைத்துப் பாருங்கள். அது நின்ற பிறகே மற்றதில் கை வையுங்கள்.

முடிவுரை

நண்பர்களே, கொடியில் காயும்போது எல்லாப் பிரிண்டும் அழகாகத்தான் இருக்கும். வாளியில் இருந்து வெளியே வரும்போது எது நிற்கிறதோ அதுதான் பிரிண்ட். ஆகவே பெயின்ட் வாங்கியதும் முதலில் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பிறகு உங்கள் தெருமுனையில் துணி தேய்ப்பவர் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.