வீட்டு வேலியில் பிரண்டை வளர்ப்பு

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் முன்னாளில் தோட்டங்களைச் சுற்றியிருந்த முள்வேலிகளில் பிரண்டை தானாகவே படர்ந்து கிடந்தது. நிலங்கள் மனைகளாகி, வேலிகள் மதில்களான பின்னர், துவையலுக்கு வேண்டிய ஒரு பிடிப் பிரண்டையையும் சந்தையில் காசு கொடுத்து வாங்க நேரிடுகிறது. ஒரு சாண் தண்டு கிடைத்தாலே போதும். இதனை வீட்டிலேயே பெருக்கிக் கொள்ளலாம்.

வறட்சியைத் தாங்கும் தன்மை

பிரண்டை, திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சதைப்பற்றுள்ள கொடியாகும். தண்டில் நீரைச் சேமித்து வைக்கிறது. தண்டின் நுண்துளைகள் பெரும்பாலும் இரவில் திறப்பதால் பகல் வெயிலில் நீர் ஆவியாவது குறைகிறது. எனவே கோடையில் இலைகள் உதிர்ந்தாலும் கொடி மடிவதில்லை.

இனங்காணல்

தண்டு நான்கு பட்டைகளுடன், கணுக்களில் ஒடுங்கி இருக்கும். கணுவின் ஒருபுறம் இலையும் எதிர்ப்புறம் பற்றுக்கம்பியும் தோன்றும். அதே வேலியில் சதுரக்கள்ளியும் கொடிக்கள்ளியும் கலந்திருக்கக்கூடும். ஒடித்த இடத்தில் பால் வடிந்தால் அது கள்ளி. அதனை உண்ணலாகாது, பால் கண்ணில் படவும் கூடாது. பிரண்டையில் பால் வடிவதில்லை.

சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவுநீர் பாயும் இடத்திலும் வளர்ந்த கொடியைச் சமைக்க வேண்டாம். நல்ல இடத்துக் கொடியிலிருந்தே நடவுத் தண்டு எடுப்பது நலம்.

நடவு

மூன்று கணுக்கள் உள்ள முதிர்ந்த தண்டுகளைத் தேர்ந்தெடுத்து, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்பி, ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நடவும். படர்வதற்குக் கம்பு அல்லது கயிறு கட்டலாம். மாடி விளிம்பிலிருந்து தொங்கவும் விடலாம்.

நீரும் பாதுகாப்பும்

மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அக்காலத்தில் தொட்டிகளைச் செங்கல் மேல் உயர்த்தி வைக்கவும். நிலத்தில் நட்டிருந்தால் மேட்டுப்பாத்தி அமைக்கவும். மாவுப்பூச்சி தோன்றினால் நீரைப் பீய்ச்சிக் கழுவி, 1 லிட்டர் நீரில் 20 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து தெளிக்கலாம்.

அறுவடையும் பயனும்

கொடி நன்கு படர்ந்த பின், நுனியிலுள்ள இளந்தண்டுகளை மட்டும் ஒடிக்கவும். கணுவுக்கு மேல் ஒடித்தால் அங்கிருந்து புதுக்கிளை விடும். இதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களே அரிப்புக்குக் காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, எண்ணெயில் நன்கு வதக்கி, புளி சேர்த்து அரைக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ணவும்.

எலும்பு முறிவுக்குப் பிரண்டையை வைத்துக் கட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இந்தியிலும் இதன் பெயர் ‘எலும்பை ஒட்டுவது’ என்றே பொருள்படும். ஆயினும் எலும்பு முறிந்தவரை முதலில் மருத்துவமனைக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

வேலி ஓரத்தில் நாலைந்து கொடிகள் இருந்தால் வீட்டுத் தேவை தீரும். மிகுந்ததைப் பிடிகளாகக் கட்டிக் கீரையுடன் சேர்த்து விற்கலாம். அண்டை வீட்டாருக்கு ஒரு தண்டு கொடுத்தால் கொடியும் அழியாது நிலைக்கும்.